ஆசை முகம் மறந்து போச்சே: அவள் இழந்தது எதை?

பாரதியாரின் “ஆசை முகம் மறந்து போச்சே” காதல் தோல்விப் பாட்டா, பக்திப் பாட்டா, இல்லை சின்ன வயதில் பறிகொடுத்த அம்மாவை நினைத்து அவர் எழுதியதா? கடைசியில் “இனி வாழும் வழி என்னடி தோழி” என்கிறாளே, அப்படியென்றால் உயிரை விடப் போகிறாளா? இதுதான் கேள்வி. நான் மிகவும் நேசிக்கிற பாட்டு இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காதல் தோல்வி என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இந்தப் பாட்டில் இல்லை. அவன் ஏமாற்றினான் என்றோ, வேறொருத்தியிடம் போய்விட்டான் என்றோ, இவள் மனசு மாறிவிட்டது என்றோ ஒரு வரிகூடக் கிடையாது. காதல் முழுசாக அப்படியே இருக்கிறது. அவன் முகம் மட்டும் ஞாபகத்திலிருந்து நழுவிக்கொண்டே போகிறது, அதைப் பிடித்து நிறுத்த அவளால் முடியவில்லை. தமிழில் பிரிவைப் பாடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை மறக்க முடியவில்லையே என்று அழுகிறவை. இது மறந்துபோகிறதே என்று அழுகிற பாட்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாகப் புரியும்.

முதலில் பாட்டு இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தனியாக எடுத்துக் கேட்கும்போது பாதி விஷயம் விட்டுப்போகிறது. 1908இல் வெள்ளைக்கார அரசாங்கத்தின் கைக்கு எட்டாமல் புதுச்சேரிக்குப் போன பாரதி பத்து வருஷம் அங்கேதான் இருந்தார். அந்தக் காலத்துப் படைப்பு ‘கண்ணன் பாட்டு’. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் அதை அச்சிட்டு வெளியிட்டார். மொத்தம் 23 பாட்டு. கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, குருவாக, குழந்தையாக என்று ஒவ்வொரு உறவிலும் வைத்துப் பார்க்கிற நூல். அதில் ‘கண்ணன் என் காதலன்’ என்ற தலைப்பில் மட்டும் வரிசையாக ஐந்து பாட்டு. ஐந்தாவதுதான் நம்முடையது, ‘பிரிவாற்றாமை’ என்று தலைப்பும் போட்டிருக்கிறது.

இந்த ஐந்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு கதை ஓடுவது தெரியும். முதல் பாட்டு “தூண்டிற் புழுவினைப் போல்”. காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறாள், சோறு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை. ஒருநாள் கனவில், கண்ணுக்குத் தோன்றாமல், எவனோ வந்து அவள் உள்ளத்தைத் தொட்டுவிடுகிறான். யார் என்று கேட்கக் கண் விழிக்கிறாள், உருவம் மறைந்துவிடுகிறது. மனசில் மட்டும் புதிதாக ஒரு மகிழ்ச்சி. யாராக இருக்கும் என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறாள். அந்தப் பாட்டு முடிகிற இடம் இது:

“கண்ணன் திருவுருவம் - அங்ஙனே
கண்ணின்முன் நின்றதடி”

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவளுடைய காதல் ஆரம்பிப்பதே அவன் உருவம் கண்ணின் முன் வந்து நிற்பதில்தான். இரண்டாவது பாட்டில் ராத்திரி தூக்கம் வராமல் சுற்றி இருக்கிறவர்களைக் கடிந்துகொள்கிறாள். மூன்றாவது “திக்குத் தெரியாத காட்டில்”, காட்டில் தேடி அலைகிறாள், வேடன் ஒருவனிடம் மாட்டிக்கொள்கிறாள், அபயம் என்று அலறியதும் கண்ணன் வந்து நிற்கிறான். நான்காவதில் அவன் போயிருக்கிறான். தோழியைத் தூது அனுப்புகிறாள், அதுவும் எப்படி, ஆற்றங்கரையில் தனியாக அழைத்துப் பேசியதையெல்லாம் ஊருக்கே முரசறைந்து சொல்லிவிடுவேன் என்று மிரட்டிச் சொல்லி அனுப்புகிறாள். பாட்டில் ‘அப்பாவி’ என்று வருவது ‘ஒன்றும் அறியாதவன்’ என்ற பொருளில் அல்ல, ‘அந்தப் பாவி’ என்று திட்டுகிறாள். கோபம் கொப்பளிக்கிற பாட்டு அது.

அப்புறம் ஐந்தாவது. கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. தூது போன தோழி என்ன பதில் கொண்டுவந்தாள் என்றே சொல்லப்படவில்லை. அவன் மேல் ஒரு குறையும் சொல்லாமல் இவள் தன்னைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறாள்:

“ஆசை முகம் மறந்து போச்சே - இதை
ஆரிடம் சொல்வேனடி தோழி?
நேசம் மறக்கவில்லை நெஞ்சம் - எனில்
நினைவு முகம் மறக்கலாமோ?”

தோழியிடமே பேசிக்கொண்டு, இதை யாரிடம் சொல்வேன் என்கிறாள். இது சும்மா வந்த வரி இல்லை. காதலன் வரவில்லை என்றால் தோழியிடம் சொல்லலாம், ஊரிடம் சொல்லலாம், போன பாட்டில் முரசறைவேன் என்றுகூடச் சொன்னவள் இவள். ஆனால் அவன் முகமே எனக்கு மறந்துவிட்டது என்பதை எந்த வாயால் சொல்வாள்? கேட்கிறவர்கள் உடனே என்ன நினைப்பார்கள், அப்படியென்றால் உனக்கு அவ்வளவுதான் பாசம் என்று நினைப்பார்கள். அதனால்தான் அடுத்த அடியிலேயே நேசம் மறக்கவில்லை என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறாள். இதில் துக்கத்தைவிட வெட்கம்தான் எனக்கு முதலில் கேட்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாத ஒன்றை ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக ஒப்புக்கொள்கிற குரல் அது. அழுதுகொண்டே பாடுகிறவர்கள் இந்த வெட்கத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அவள் ஏன் அவ்வளவு வெட்கப்பட வேண்டும் என்றால், தமிழில் காதலித்த பெண்கள் யாரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. திருக்குறளை எடுங்கள். காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில் ஒருத்தி சொல்கிறாள்:

“கண்ணுள்ளின் போகார் இமைப்பின் பருவரார்
நுண்ணியர்எம் காத லவர்”

என் கண்ணைவிட்டு அவர் போகமாட்டார், நான் இமைத்தாலும் அவருக்கு வலிக்காது, அவ்வளவு நுட்பமானவர் என்கிறாள். அடுத்த குறளில், கண்ணுக்குள் அவர் இருப்பதால் மை தீட்டமாட்டேன், தீட்டினால் மறைந்துவிடுவாரே என்கிறாள். நினைந்தவர் புலம்பலில் இன்னொருத்தி, இந்தப் பாட்டுக்கு நேர் எதிரே நிற்கிறவள்:

“மறப்பின் எவனாவன் மற்கொல் மறப்பறியேன்
உள்ளினும் உள்ளம் சுடும்”

மறக்காமல் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளம் சுடுகிறதே, மறந்துவிட்டால் என்ன ஆவேனோ, எனக்கு மறக்கத் தெரியாது. குறளில் வருகிறவள் ‘மறந்தால் என்ன ஆவேன்’ என்று எதை நினைத்துப் பயந்தாளோ அது பாரதியின் பெண்ணுக்கு நடந்தே விட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் “நினைவு முகம் மறக்கலாமோ” என்ற வரியின் கனம் வேறாக இருக்கும்.

ஆழ்வார் பாசுரங்களிலும் இதே மரபுதான். நம்மாழ்வார் பெண்ணாக நின்று பாடுகிற “எங்ஙனேயோ அன்னைமீர்காள்” பதிகத்தில், திருக்குறுங்குடி நம்பியைப் பார்த்த நாளிலிருந்து சங்கும் சக்கரமும் தாமரைக் கண்ணும் செங்கனி வாயுமாக அவன் வடிவத்தின் பின்னாலேயே நெஞ்சு போகிறது என்று தாய்மாரிடம் சொல்கிறாள். உருவெளிப்பாடு என்று இதற்குப் பெயர், அதாவது நேரில் இல்லாதவனுடைய உருவம் எங்கே பார்த்தாலும் எதிரே வந்து நிற்பது. ஆண்டாள் இன்னும் ஒருபடி மேலே. அவள் அவனை மனிதக் கண்ணால் கண்டவளே இல்லை, ஆனாலும் கல்யாணக் கனவைத் தோரணம் முதல் கைத்தலம் பற்றுவது வரை ஒன்றுவிடாமல் தோழியிடம் சொல்கிறாள். காணாதவளுக்கு எல்லாம் தெரிகிறது. பாரதியின் பெண்ணோ கண்டவள், பழகியவள், அவளுக்குத் தெரியவில்லை. அவளும் தோழியிடம்தான் சொல்கிறாள், ஆனால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:

“கண்ணில் தெரியுதொரு தோற்றம் - அதில்
கண்ணன் அழகு முழுதில்லை;
நண்ணு முகவடிவு காணில் - அந்த
நல்ல மலர்ச் சிரிப்பைக் காணோம்.”

உருவெளிப்பாடு பாதியில் சிதைந்து நிற்கிற நிலை இது. எனக்கு இந்தப் பாட்டிலேயே மிக உண்மையாகப் படுகிற இடமும் இதுதான். முகம் மறந்துவிட்டது என்றால் எல்லாம் இருட்டாகிவிடுகிறது என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு தோற்றம் வருகிறது. மூக்கு, நெற்றி, முகத்தின் வடிவு எல்லாம் சேர்ந்து வந்தால் சிரிப்பு இல்லை. முகத்தில் அசைகிற ஒன்று, உயிர் இருக்கிற ஒன்று, அது முதலில் போய்விடுகிறது.

எங்கள் பெரியம்மா ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். பெரியப்பா இறந்தபோது வீட்டில் இருந்தது ஒரு பழைய குரூப் போட்டோ மட்டும், அதில் ஓரத்தில் நிற்கிறார். அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கோட்டு போட்டு டச் செய்து ஸ்டுடியோவில் கொடுத்தார்கள். இன்றைக்கும் மாலை போட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. பெரியம்மா அதை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். “அதப் பாத்துப் பாத்து அவரு மொகம் போயிடுச்சு, இப்ப நெனச்சா இந்தக் கோட்டுப் போட்ட ஆளுதான் வர்றாரு. சத்தம் மட்டும் இருக்கு, ‘ஏம்மா’ன்னு கூப்புடற சத்தம்” என்று ஒருமுறை சொன்னார். முகவடிவு இருக்கிறது, சிரிப்பு இல்லை. பாரதி எழுதியதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைத்ததில்லை. எதிரே வந்து நிற்கிற முகத்தை அடையாளம் கண்டுகொள்வது வேறு, எதிரே இல்லாத முகத்தை மனசுக்குள் வரவழைப்பது வேறு. முதலாவது நமக்கு நன்றாக வரும், இரண்டாவது மிக நெருக்கமானவர்கள் விஷயத்தில்கூடக் கைவிட்டுவிடும். பெரியப்பா வாசலில் வந்து நின்றால் பெரியம்மாவுக்குத் தெரியாமலா போகும்? கண்ணன் வந்து நின்றால் இவளுக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். வரமாட்டேன் என்கிறானே, அதுதான் பிரச்சினை.

மூன்றாவது சரணத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஓய்வில்லாமல் உள்ளம் அவன் உறவையே நினைக்கிறது, வாய் அந்த மாயன் புகழையே பேசுகிறது. உள்ளமும் வாயும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன என்று கணக்குக் காட்டுகிறாள், அவ்வளவுதான். அப்படியானால் குற்றவாளி யார்?

“கண்கள் புரிந்துவிட்ட பாவம் - உயிர்க்
கண்ணன் உரு மறக்கலாச்சு;
பெண்கள் இனத்தில் இதுபோலே - ஒரு
பேதையை முன்பு கண்டதுண்டோ?”

கண்கள். கண்ணைக் குற்றம் சொல்வதும் பழைய வழக்கம்தான். கண்விதுப்பழிதல் என்று குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது, “கண்தாம் கலுழ்வ தெவன்கொலோ” என்று ஆரம்பிக்கும். அவரைக் காட்டி இந்தத் தீராத நோயைக் கொடுத்ததே நீங்கள்தானே, இப்போது ஏன் அழுகிறீர்கள் என்று கண்களைக் கேட்கிறாள். அங்கே கண்கள் செய்த குற்றம் பார்த்தது. இங்கே கண்கள் செய்த பாவம் பார்த்ததை வைத்துக்கொள்ளாமல் விட்டது. கிடைத்த நேரத்தில் ஆசை தீரப் பார்த்து இருத்திக்கொள்ளவில்லை என்ற ஆதங்கமாகவும் எடுக்கலாம், இத்தனை நாள் அவனைக் காணாமல் பட்டினி கிடந்ததால் கண்கள் சோர்ந்துவிட்டன என்றும் எடுக்கலாம். நான் முதலாவதன் பக்கம். முதல் பாட்டில் அவன் வந்ததே கண்ணுக்குத் தோன்றாமல் உள்ளத்தைத் தொட்டுத்தான், அவள் கண் விழித்ததும் மறைந்தான். ஆரம்பத்திலிருந்தே அவளுடைய உள்ளத்துக்குக் கிடைத்தவன் கண்ணுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. ஐந்தாம் பாட்டில் நடப்பது அதன் தொடர்ச்சி.

“ஒரு பேதையை முன்பு கண்டதுண்டோ” என்ற கேள்விக்கும் இப்போது பொருள் தெளிவாகிறது. தன்னைத் தாழ்த்திக்கொள்வதற்காக மட்டும் சொல்லவில்லை. நிஜமாகவே இவளுக்கு முன்னே வந்தவர்களில் இப்படி ஒருத்தி இல்லை. குறளில் வருகிறவள் மறக்கவில்லை, நம்மாழ்வார் பெண்ணாகிப் பாடுகிற பராங்குச நாயகி மறக்கவில்லை, ஆண்டாள் மறக்கவில்லை. இந்திய இலக்கியத்தில் காதலை மறந்தவன் என்றால் துஷ்யந்தன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் துர்வாசர் சாபம் என்று ஒரு காரணம் இருந்தது, மோதிரம் கிடைத்ததும் எல்லாம் திரும்பி வந்தது, உட்கார்ந்து சகுந்தலையின் படத்தையே எழுதினான். இவளுக்குச் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. நாளாக ஆக மறக்கிறது, எல்லாருக்கும் மறப்பதுபோல. மகாகவி என்று நாம் கொண்டாடுகிறவர் செய்த துணிச்சலான காரியங்களில் இதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஒரு காதலியை மரபு விதித்த நாயகியாக விடாமல் சாதாரண மனுஷியாக ஆக்கியது.

அடுத்தது எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற சரணம்:

“தேனை மறந்திருக்கும் வண்டும் - ஒளிச்
சிறப்பை மறந்துவிட்ட பூவும்
வானை மறந்திருக்கும் பயிரும் - இந்த
வையம் முழுதும் இல்லை தோழி.”

அழகான உவமைகள் என்று சொல்லிவிட்டுப் போகிற இடமில்லை இது. மூன்றிலும் மறப்பது யார், மறக்கப்படுவது எது என்று பாருங்கள். வண்டுக்குத் தேன் சாப்பாடு. பூவுக்கு ஒளி மலர்ச்சி. பயிருக்கு வான், அதாவது மழை, உயிர். படிப்படியாகத் தேவை கூடிக்கொண்டே போகிறது. மூன்றாவதைப் படிக்கும்போது எனக்குக் குலசேகர ஆழ்வார் ஞாபகம் வராமல் இருக்காது. வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பாடும்போது அவர் சொல்கிறார்:

“எத்தனையும் வான்மறந்த காலத்தும் பைங்கூழ்கள்
மைத்தெழுந்த மாமுகிலே பார்த்திருக்கும்”

வானம் பயிரை எவ்வளவு காலம் மறந்துபோனாலும் பயிர் அந்தக் கருமேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், அதுபோல நீ என் துயரைத் தீர்க்காவிட்டாலும் என் சித்தம் உன்னிடம்தான் என்கிறார். அங்கே மறக்கிறது வானம், மறக்காதது பயிர். பாரதியின் சரணத்தில் அது தலைகீழாகிறது. வானை மறந்த பயிர் உலகத்திலேயே இல்லை, நான் ஒருத்திதான் அப்படி ஆகிவிட்டேன் என்கிறாள். ஆழ்வார்களைப் படித்து ஊறியவர் பாரதி, இந்தப் பாசுரம் அவர் காதில் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணன் தன்னை மறந்துவிட்டானா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டிருந்தால் காதல் தோல்விப் பாட்டாகியிருக்கும். கேட்காததால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கடைசிச் சரணம்:

“கண்ணன் முகம் மறந்து போனால் - இந்தக்
கண்கள் இருந்து பயனுண்டோ?
வண்ணப் படமும் இல்லை கண்டாய் - இனி
வாழும் வழி என்னடி தோழி?”

வண்ணப் படம் இல்லை என்ற வரியைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இந்தப் பாட்டு பக்தியா காதலா என்ற கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை இந்த வரியில் ஒரு பதில் இருக்கிறது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வங்களின் வண்ணப் படங்களை அச்சடித்து விற்க ஆரம்பித்தார், அவை நாடெங்கும் வீடுவீடாகப் போயின. பாரதிக்கு இது நன்றாகத் தெரியும், 1906இல் ரவிவர்மா இறந்தபோது அவரைப் பற்றிப் பாட்டே எழுதியவர். ஆகவே இந்தப் பாட்டு அச்சான 1917இல் கண்ணனின் வண்ணப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. கடையில் வாங்கலாம், காலண்டரில் பார்க்கலாம். இருந்தும் இவள் படமில்லை என்கிறாள். அப்படியென்றால் இவள் தேடுகிற முகம் பூஜை அறைக் கண்ணனின் முகம் இல்லை. இவளோடு ஆற்றங்கரையில் பேசியவனின் முகம், இவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த அந்தச் சிரிப்பு. அந்த முகத்துக்கு எந்த அச்சகத்திலும் படம் கிடைக்காது.

அதற்காகப் பக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்ணன் பாட்டு முழுவதுமே பக்தி நூல்தான், ஆனால் எல்லாருக்கும் பொதுவான தெய்வத்தை ‘என்’ தோழன், ‘என்’ தாய், ‘என்’ சேவகன் என்று தனக்கே தனக்காக ஆக்கிக்கொள்கிற பக்தி. அந்த மாதிரி நெருங்கியவனுடைய முகம் மறந்தால்தான் இந்த அளவு அடி விழும். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறவனுக்கு இந்தத் துன்பம் வராது. ஆகவே பக்தியா காதலா என்று ஒன்றைத் தள்ளி இன்னொன்றை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காதலாகப் படித்தால் எல்லா வரியும் சரியாக நிற்கிறது, பக்தியாகப் படித்தாலும் ஒரு வரியும் உதைக்கவில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பாரதிக்கு ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாள் இறந்துபோனார், இது உண்மை. அம்மாவின் முகம் நினைவில் இல்லாத ஏக்கத்தில்தான் இந்தப் பாட்டு பிறந்தது என்று இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்பதற்கு மனதைத் தொடுகிற செய்திதான். ஆனால் பாட்டுக்குள் அதற்குச் சான்று இல்லை. தலைப்பு காதலன், நிலை பிரிவாற்றாமை, பேசுகிறவள் தோழியிடம் பேசுகிற ஒரு பெண், முன்னே நான்கு பாட்டில் ஓடிவந்த கதையின் முடிவு இது. அதே நூலில் ‘கண்ணன் என் தாய்’ என்று தனியாகவே ஒரு பாட்டும் இருக்கிறது. சின்ன வயதில் முகத்தை இழந்த அனுபவம் அந்த வரிகளுக்கு அடியில் எங்கோ கிடந்திருக்கலாம், கவிஞன் மனசு அப்படித்தான் வேலை செய்யும், ஆனால் இது அம்மாவுக்கு எழுதிய பாட்டு என்று தீர்த்துச் சொல்வது பாட்டைக் குறுக்கிவிடும். நீங்கள் கேட்கும்போது உங்கள் அம்மா ஞாபகம் வந்தால் அது வேறு. அது உங்களுடையது, அதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ராகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சேரிகளில் இதைப் பெரும்பாலும் ஜோன்புரியில் பாடுகிறார்கள், நம் காதில் பதிந்திருப்பதும் அதுதான். ஏக்கத்துக்கென்றே பிறந்த மாதிரி ராகம், நெஞ்சை நேராகப் போய்ப் பிடிக்கும். ஆனால் நூலில் இதற்குப் போட்டிருக்கிற ராகம் பிலஹரி. சங்கீதம் கற்றுக்கொண்டவர்களுக்கு “ரார வேணு கோபாபாலா” ஸ்வரஜதி ஞாபகம் வரும், அந்த ராகம், காலை வேளையின் தெளிவும் துள்ளலும் உள்ளது. பிரிவாற்றாமைக்கா பிலஹரி என்று ஆச்சரியமாக இருக்கும். ஒருமுறை வரிகளைப் பிலஹரியில் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். சோகம் கொஞ்சம் பின்னால் போய், இது எப்படி நடந்தது, எனக்கா இப்படி ஆகும் என்ற திகைப்பு முன்னால் வருகிறது. தோழியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் படபடவென்று சொல்கிற ஒரு பெண் தெரிகிறாள். நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1919இல் முன்னுரை எழுதிய வ.வே.சு. ஐயர், புதுச்சேரிக் கடற்கரையில் சாயங்கால வேளையில் பாரதி தான் புதிதாகக் கட்டிய பாட்டுகளைக் கம்பீரமான குரலில் பாடியதைச் சொல்கிறார். அந்தக் கம்பீரத்தில் இந்தப் பாட்டை நினைத்துப் பார்த்தால், இழுத்து இழுத்து அழுகிற பாட்டாக அவர் இதைப் பாடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜோன்புரியில் பாடுவது தவறு என்று சொல்லவில்லை, எனக்கும் அதில் கேட்கப் பிடிக்கும். பிலஹரியில் கேட்கிற வெட்கமும் திகைப்பும் ஜோன்புரியில் கொஞ்சம் கரைந்துபோகின்றன, அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி, அவள் உயிரை விடப் போகிறாளா? அந்தச் சரணத்தில் சாவு என்ற பேச்சே இல்லை. கண்கள் இருந்து பயன் உண்டோ என்று கண்களைத்தான் கேட்கிறாள், உயிரை இல்லை. வாழும் வழி என்னடி என்று கேட்கிறவள் வழி சொன்னால் வாழ்வதற்குத் தயாராக இருக்கிறவள். தோழி அதற்கு என்ன சொன்னாள் என்று பாட்டில் இல்லை. ஆனால் புத்தகத்தில் அடுத்த பாட்டு ‘கண்ணன் என் காந்தன்’. கனிகள், சந்தனம், அத்தர், சவ்வாது என்று கை நிறையக் கொண்டுவருகிறான் கண்ணன், அவள் நெற்றியில் பொட்டு வைக்கக் குனிகிறான், “குனியும் வாண்முகத்தான்”, அதாவது குனிகிற ஒளி முகத்தான், என்று அங்கே எழுதியிருக்கிறார் பாரதி. அடுத்தமுறை இந்தப் பாட்டைக் கேட்டு முடித்ததும் அந்தப் பாட்டையும் எடுத்துப் படித்துவிடுங்கள்.